காவல் நாயைக் கயிற்றில் நடத்திப் பழக்கும் முறை

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இத்தகைய முகாம்களில் வழக்கமாக நான் விதை நேர்த்தியைப் பற்றியோ, களைக் கட்டுப்பாட்டைப் பற்றியோ, தொழு உரத்தைப் பற்றியோ பேசுவேன். இன்று நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உழவியல் படித்தவனுக்கு நாயோடு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு கிராமத்தில் நிலக்கடலை வயல்நாள் விழா நடந்தது. பேச்செல்லாம் முடிந்த பிறகு பெரியவர் ஒருவர் எழுந்து, "பயிரைப் பத்திச் சொன்னீங்க சார், சரி. காவலுக்குன்னு ஒரு நாய் வளர்க்கிறேன். அவிழ்த்துக் கையிலே பிடிச்சா அது என்னையே ஏர்ல பூட்டின மாதிரி இழுத்துக்கிட்டுப் போகுது. அதுக்கு என்ன பண்றது?" என்று கேட்டார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வீட்டில் நடந்தது நினைவுக்கு வந்தது.

எங்கள் தோட்டத்தில் மணி என்று ஒரு நாய் இருக்கிறது. ராஜபாளையம் கலப்பு. எடை ஏறத்தாழ 30 கிலோ. என் தாயாரின் எடை 48 கிலோ. ஒரு நாள் மாலை மணியைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு அவர் வரப்பு வழியாக வந்திருக்கிறார். பிடி நழுவக் கூடாது என்று சங்கிலியை வலக்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தார். எதிரே ஆட்டுப் பட்டி குறுக்கிட்டது. நாய் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. கையை விடுவிக்க வழியில்லாமல் அம்மா வாய்க்காலுக்குள் விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார்கள். அப்போது கடலைக்குக் களை எடுக்கும் பருவம். அம்மாவின் கை இல்லாத களத்து வேலை எப்படி இருக்கும் என்பதை அந்த ஆறு வாரமும் நாங்கள் கண்டோம்.

"இந்த நாய் இனி வேண்டாம். வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிடலாம்" என்று வீட்டில் பேச்சு எழுந்தது. நானும் அதற்கு உடன்பட்டேன் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அம்மாதான் ஒப்பவில்லை. "அது என்னை விழவைக்கணும்னு இழுக்கலடா. ஆட்டைப் பார்த்துச்சு, ஓடுச்சு. நடக்கிறது எப்படின்னு அதுக்கு யாருடா சொல்லிக்கொடுத்தோம்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வண்டி மாட்டைப் பழக்காமல் யாரும் நுகத்தடியில் பூட்டுவதில்லை. நாயை மட்டும் பழக்காமலேயே கயிற்றில் பிடித்துக்கொண்டு சாலைக்கு வருகிறோம். கால்நடை மருத்துவரான நண்பர் ஒருவரிடம் முறைகளைக் கேட்டறிந்து, நானே மணியைப் பழக்கினேன். அந்த அனுபவத்தையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நாய் ஏன் இழுக்கிறது?

நாய் இழுப்பதைத் திமிர் என்றும் பிடிவாதம் என்றும் நாம் எண்ணுகிறோம். அது சரியன்று. உண்மையான காரணங்கள் ஐந்து.

முதலாவது, நடையின் வேகம். மனிதன் மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர் நடக்கிறான். நீண்ட கால்களையுடைய நாய்க்கு இயல்பாக வரும் ஓட்டநடை அதைவிட வேகமானது. நம்முடைய நடை அதற்கு ஆமை நடை.

இரண்டாவது, இனத்தின் இயல்பு. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் ஆகிய நம் நாட்டு இனங்கள் வேட்டைக்கென்று வளர்க்கப்பட்டவை. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு துரத்தும் நாய்கள். ஓடும் எதையும் கண்டால் அவற்றின் கால் நிற்காது. இன்று காட்டு முயல் வேட்டை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். வேட்டை நின்றுவிட்டாலும் துரத்தும் குணம் இரத்தத்தில் இருக்கிறது. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல் தலை வெளியிட்டுப் பெருமை செய்தது. அத்தகைய நாயை வைத்திருப்பவர் அதன் குணத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, நாள் முழுதும் கட்டிக் கிடப்பது. காலை முதல் மாலை வரை ஐந்தடிச் சங்கிலியில் கிடந்த நாய், அவிழ்த்த உடனே அமைதியாக நடக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

நான்காவது, இழுத்தால் எதிர்த்து இழுக்கும் இயல்பு. கன்றுக்குட்டியின் கயிற்றை முன்னால் இழுத்தால் அது காலை ஊன்றிப் பின்னால் சாய்வதை நீங்கள் அறிவீர்கள். நாயும் அப்படியே. நாம் பின்னால் இழுத்துப் பிடிக்கப் பிடிக்க, அது முன்னால் தள்ளுகிறது.

ஐந்தாவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. இழுத்தால் பலன் கிடைக்கிறது. புளியமரத்தடியை மோந்து பார்க்க நாய் விரும்புகிறது. இழுக்கிறது. நாமும் பின்னாலேயே போகிறோம். மரம் வந்துவிடுகிறது. இழுத்ததற்குக் கூலி கிடைத்துவிட்டது. எட்வர்டு தார்ண்டைக் என்ற அமெரிக்க அறிஞர் பூனைகளைக் கூண்டில் வைத்துச் செய்த ஆய்வுகளை 1898-இல் வெளியிட்டார். நன்மை தரும் செயலை விலங்கு மீண்டும் மீண்டும் செய்யும், நன்மை தராத செயல் நாளடைவில் மறைந்துபோகும் என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே கயிறு இறுகியிருக்கும்போது நாம் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் "நன்றாக இழு" என்று நாய்க்குச் சொல்லிக்கொடுப்பதாகும். மணியை இரண்டு ஆண்டுக்காலம் இழுக்கப் பழக்கியவர்கள் நாங்களே.

ஆகவே பயிற்சி முழுவதையும் ஒரே விதியில் அடக்கிவிடலாம். கயிறு தளர்ந்திருந்தால் நடக்க வேண்டும். கயிறு இறுகினால் நிற்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

கயிற்றைச் சுண்டி இழுப்பது, குச்சியால் அடிப்பது, இறுக்கும் சுருக்குச் சங்கிலி போடுவது, முள் வைத்த பட்டையைக் கழுத்தில் மாட்டுவது ஆகியவற்றைப் பலர் செய்கிறார்கள். இவற்றால் இரண்டு கேடுகள் உண்டு.

கழுத்தில் மூச்சுக்குழல், இரத்தக் குழாய்கள், நரம்புகள் எல்லாம் நெருக்கமாக உள்ளன. கழுத்துப் பட்டை இறுகும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமும் உயர்கிறது. இழுத்த பிறகு நாய் இருமினால் அதை ஓர் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது கேடு மனிதர்களுக்கு. எதிரே மிதிவண்டியில் ஒரு சிறுவன் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாய் அவனைப் பார்க்கிறது. அதே நொடியில் கழுத்தில் முள் குத்துகிறது. தான் இழுத்ததால் வலித்தது என்று நாய் உணர்வதில்லை. அந்தச் சிறுவன் வந்ததால் வலித்தது என்று எடுத்துக்கொள்ளக்கூடும். இப்படிப் பலமுறை நடந்தால், மிதிவண்டியைக் கண்டாலே சீறும் நாயாக அது மாறிவிடும். பார்க்க மட்டுமே விரும்பிய நாயைக் கடிக்கும் நாயாக நாமே ஆக்கியவர்களாவோம்.

எதைக் கொண்டு பிடிப்பது?

கயிறு ஐந்து முதல் ஆறு அடி நீளம் இருந்தால் போதுமானது. பருத்தியிலோ நைலானிலோ நெய்த தட்டையான, அரை அங்குலத்துக்கு மேல் அகலமுள்ள நாடா நல்லது. இரும்புச் சங்கிலி கையைக் கிழிக்கும். இழுவையைக் கை உணரவும் விடாது. தேங்காய் நார்க் கயிறு உள்ளங்கையை அறுக்கும். கழுத்துப் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி வேண்டும்.

கடைகளில் ஹார்னஸ் என்று கேட்டால் மார்புப் பட்டை தருவார்கள். இதை வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். காளை ஏன் கழுத்தையும் திமிலையும் கொடுத்து இழுக்கிறது, குதிரைக்கு ஏன் மார்பில் பட்டை போடுகிறார்கள் என்று எண்ணிப்பாருங்கள். பாரம் தோளிலும் மார்பிலும் பரவினால் விலங்கு தன் முழுப் பலத்தோடு, மூச்சு முட்டாமல் இழுக்க முடியும். பனி நாடுகளில் சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்கும் மார்புப் பட்டைதான் போடுகிறார்கள். ஆகவே முதுகில் மட்டும் வளையம் உள்ள பட்டையை இழுக்கும் நாய்க்குப் போடுவது, அதற்கு நுகத்தடி செய்து கொடுத்தது போலாகும். கழுத்துக்கு நல்லதுதான், ஆனால் உங்கள் தோள் தாங்காது. மார்பின் முன்புறத்தில் வளையம் உள்ள பட்டையைக் கேட்டு வாங்குங்கள். கயிற்றை அந்த வளையத்தில் மாட்டினால், நாய் இழுக்கும்போது அதன் உடல் பக்கவாட்டில் நம்மை நோக்கித் திரும்பிவிடும். இழுவை வலுவிழக்கும்.

தலையில் மாட்டும் முகப்பட்டை ஒன்றும் உண்டு. மூக்கணாங்கயிறு போட்ட மாட்டைச் சிறுவன்கூட நடத்திச் செல்வதைப் பார்க்கிறோம். தலை திரும்பினால் உடல் திரும்பும் என்ற அதே முறைதான் இதுவும். ஆனால் இதை மெதுவாகக் கையாள வேண்டும். சுண்டி இழுத்தால் கழுத்தெலும்பு பாதிக்கப்படும். தீனி கொடுத்துச் சில நாட்கள் பழக்கிய பிறகே மாட்ட வேண்டும். இது வாய்க்கூடு அன்று, கடிப்பதைத் தடுக்காது. கடிக்கும் நாய்க்கு வாய்க்கூடு போடுவதாயின், வாயைத் திறந்து மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள கூண்டு வகையையே போட வேண்டும். நாய் தன் உடல் சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைத்தே தணித்துக்கொள்கிறது.

பிடிக்கும் முறை மிகவும் முக்கியம். கயிற்றை ஒருபோதும் கையிலோ விரலிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். என் தாயாரின் கை முறிந்ததற்கு நாயைவிட அந்த இரண்டு சுற்றே பெரிய காரணம். மிஞ்சிய கயிற்றை வேட்டியைக் கொசுவுவது போல மடித்து உள்ளங்கையில் பிடியுங்கள். ஆபத்து வந்தால் விரலைத் திறந்த உடனே கயிறு விடுபட வேண்டும். இரு கைகளும் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக, முழங்காலைச் சற்றே மடித்து நின்றால் எளிதில் விழமாட்டீர்கள்.

பழக்கும் முறை

பயிற்சிக்கு முன்பு நாய்க்கு வயிறு நிறையச் சோறு வைக்கக் கூடாது. வேலி அடைத்த இடத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டு, சிறுநீர் கழிக்கவிட்டு, பிறகு கயிற்றை மாட்டுங்கள். ஒரு வேளைக்கு 5 முதல் 10 நிமிடம், காலையும் மாலையும் செய்தால் போதுமானது. நீண்ட நேரம் செய்தால் நாய்க்கும் சலிப்பு, நமக்கும் கோபம்.

கூலியாகக் கொடுக்க வேகவைத்த முட்டை, கோழி ஈரல், உப்புப் போடாமல் வேகவைத்த இறைச்சி ஆகியவற்றை நிலக்கடலைப் பருப்பளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். கருவாட்டில் உப்பு மிகுதியாதலால் தவிர்க்க வேண்டும். வெங்காயமும் திராட்சையும் நாய்க்கு நஞ்சாகும்.

முதல் வாரம்: வீட்டு வாசலிலோ களத்திலோ, ஆடு கோழி இல்லாத நேரத்தில் தொடங்குங்கள். நாயை இடப்பக்கம் நிறுத்தி, உங்கள் இடது முழங்காலுக்கு அருகில் ஒரு துண்டு கொடுங்கள். ஓர் அடி வையுங்கள். கூடவே வந்தால் மீண்டும் முழங்காலருகில் ஒரு துண்டு. பிறகு இரண்டடிக்கு ஒன்று, ஐந்தடிக்கு ஒன்று என்று நீட்டுங்கள். கொடுக்கும் இடம் முக்கியம். கையை முன்னால் நீட்டிக் கொடுத்தால் நாயும் முன்னால் ஓடும்.

இரண்டாம் வாரம்: இப்போது நமது விதியைக் கடைப்பிடிக்க வேண்டும். நடக்கும்போது கயிறு இறுகிய உடனே கல்தூண்போல நின்றுவிடுங்கள். திட்டாதீர்கள், அழைக்காதீர்கள், பின்னுக்கு இழுக்காதீர்கள். நாய் கொஞ்ச நேரம் முட்டிப் பார்க்கும். பிறகு "ஏன் நின்றுவிட்டார்?" என்பதுபோலத் திரும்பிப் பார்க்கும். கயிறு தளரும். அந்த நொடியிலேயே "நல்ல பிள்ளை" என்று சொல்லி, முழங்காலருகில் ஒரு துண்டு கொடுத்து நடக்கத் தொடங்குங்கள். அரை நிமிடம் ஆகியும் திரும்பாவிட்டால், நீங்கள் எதிர்த்திசையில் மெதுவாகத் திரும்பி நடங்கள். நாய் பின்தொடர்ந்து உங்கள் பக்கத்துக்கு வரும்போது கூலி கொடுங்கள்.

முதல் நாள் எங்கள் மாட்டுக் கொட்டகையிலிருந்து கிணற்றடி வரை உள்ள அறுபது தப்படியைக் கடக்க எனக்கும் மணிக்கும் முழுதாக அரை மணி நேரம் பிடித்தது. பத்து நிமிடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். கிணற்றடியை எட்டியே தீர்வது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பில் நின்று, "என்ன சார், நிலத்தை அளக்கிறீங்களா?" என்று கேட்டார். இத்தகைய கேலிக்கு நீங்களும் ஆளாவீர்கள். பொருட்படுத்தாதீர்கள்.

இன்னும் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான்காம் ஐந்தாம் நாளில் நாய் முன்னைவிட மூர்க்கமாக இழுக்கலாம். இத்தனை நாள் கிடைத்த பலன் திடீரென்று நின்றுவிட்டதால், இன்னும் பலமாக இழுத்தால் கிடைக்குமோ என்று பார்க்கிறது. அணையப் போகும் விளக்குச் சுடர்விட்டு எரிவது போன்றது அது. பலர் அந்த இடத்தில்தான் "இது நமக்குச் சரிப்படாது" என்று கைவிட்டுவிடுகிறார்கள். மேலும் நான்கு நாட்கள் பொறுத்தால் மாற்றம் தெரியும்.

மூன்றாம் வாரம் முதல்: வரப்புக்கும் மண் சாலைக்கும் செல்லலாம். இங்கே ஆடு, மாடு, மயில், வேறு நாய் எல்லாம் குறுக்கிடும். இதற்குத் தூரமே மருந்து. ஆட்டுப் பட்டியைப் பார்த்த பிறகும் உங்கள் கையில் இருக்கும் துண்டை நாய் வாங்கித் தின்னுமானால், அந்தத் தூரம் சரியானது. தின்ன மறுத்தால் நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். மணிக்கு முதலில் ஏறத்தாழ நூறு மீட்டர் தேவைப்பட்டது. ஆட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு துண்டு கொடுத்தேன். ஆட்டைக் கண்டால் என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அது கற்றுக்கொண்டது. தூரத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் குறைத்தேன்.

ஒரு மாதத்துக்குப் பிறகு: தீனியைப் படிப்படியாகக் குறைக்கலாம். செலவில்லாத கூலி ஒன்று இருக்கிறது. நாயின் மூக்கு நம் மூக்கைவிடப் பன்மடங்கு நுட்பமானது. மோப்பம் பிடிப்பதே அதற்குப் பெரிய இன்பம். இருபது அடி தளர்ந்த கயிற்றில் நடந்தால், "போ, மோந்து பார்" என்று புளியமரத்தடிக்கு அழைத்துச் செல்லுங்கள். முன்பு இழுத்துப் பெற்றதை இப்போது இழுக்காமல் பெறுகிறது.

நான் செய்த தவறு

ஒன்பதாம் நாள் கல்லூரிக்குப் பேருந்து பிடிக்கும் அவசரம் எனக்கு. மணி இழுத்த இழுப்புக்கு மோட்டார் அறை வரை ஓடிப்போய் வந்துவிட்டேன். ஒரு நாள்தானே என்று எண்ணினேன். அன்று மாலை என் அண்ணன் மகன், நாய் இழுக்க இழுக்கச் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடியிருக்கிறான். மறுநாள் எட்டு நாள் உழைப்பும் வீணாகிப் போயிருந்தது.

தினமும் மீன் சிக்காவிட்டாலும், எப்போதாவது ஒன்று சிக்குகிறது என்பதால்தான் தூண்டில்காரர் நாள் முழுதும் குளக்கரையில் உட்கார்ந்திருக்கிறார். இழுப்புக்கு எப்போதாவது ஒருமுறை பலன் கிடைத்தாலும் நாய் அதை விடாது. வரப்பில் சிறு நண்டு வளை ஒன்றை அடைக்காமல் விட்டால் விடிவதற்குள் என்ன ஆகும் என்பது நெல் பயிரிடும் உங்களுக்குத் தெரியாததன்று.

அன்று இரவு வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினேன். நாயைக் கையில் பிடிக்கும் ஒவ்வொருவரும் இதே விதியைக் கடைப்பிடிக்க வேண்டும், முடியாதவர் பிடிக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். "கயிறு இறுகினால் நில்" என்று கொட்டகைச் சுவரில் கரியால் எழுதிவைத்தோம். அவசர வேலை உள்ள நாளில் மணியை வெளியே அழைத்துச் செல்வதற்குப் பதிலாக வேலிக்குள்ளேயே அவிழ்த்துவிட்டோம்.

திடீர் ஆபத்தில்

பழக்கம் முழுமை பெறுவதற்குள் ஆட்டுப் பட்டி எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது? நாய் பார்ப்பதற்கு முன்பு நீங்கள் பார்க்க வேண்டும் என்பதே முதல் பாடம். நடக்கும்போது கைப்பேசி பையில் இருக்கட்டும். தொலைவில் கண்டவுடனே திரும்பிவிடுங்கள், அல்லது மோட்டார் அறை போன்ற மறைவுக்குப் போய்விடுங்கள். அதற்கும் வழியில்லை என்றால், பாரம் இறக்கும்போது கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிப்போமே, அதுபோல அருகிலுள்ள தென்னையில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி நுனியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுவையின் பெரும்பகுதியை மரம் தாங்கிக்கொள்ளும். கயிற்றுக்கும் மரத்துக்கும் இடையில் விரல் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாய் தளர்ந்த கயிற்றில் நடக்கப் பழகும் வரை முதியவர்கள், சிறுவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் கையில் பெரிய நாயைக் கொடுக்கக் கூடாது.

கவனிக்க வேண்டிய பிற செய்திகள்

எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் விடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும் என்பதைப் பலர் அறியார். மறுபுறம், தம் விலங்கால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேராதபடி காக்கத் தவறினால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கட்டிவைத்தே காலம் கழிக்கவும் முடியாது. கட்டுப்பாடின்றி விடவும் முடியாது. பழக்குவது ஒன்றே வழி.

வெயில் ஏறுவதற்கு முன்பும், மாலையில் தரை ஆறிய பிறகும் நடத்துங்கள். தார்ச் சாலையில் புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது.

பூச்சிமருந்து தெளித்த வயல் வழியாக நாயை அழைத்துச் செல்லாதீர்கள். எலிக்குத் துத்தநாக பாஸ்பைடு கலந்த நச்சுணவு வைத்த வரப்புகளைக் குறித்துவைத்துக்கொண்டு, அந்தப் பக்கமே போகாதீர்கள். மோந்து பார்க்க விடும் இடம் நமக்கு நன்றாகத் தெரிந்த இடமாக இருக்க வேண்டும்.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் நாளில் ஆண்டுதோறும் தொடர வேண்டும். எந்த நாய் கடித்தாலும் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்பக் கூடாது. வெறிநோய் முற்றிய பிறகு பிழைப்பது ஏறத்தாழ இயலாத செயல்.

முடிவுரை

மணியைப் பழக்க எங்களுக்கு இரண்டரை மாதம் ஆயிற்று. இளம் நாயானால் விரைவில் பழகும். பல ஆண்டுகள் இழுத்துப் பழகிய நாய்க்கு இன்னும் கூடுதலாகவும் ஆகலாம். இன்றும் காலடியில் முயல் ஒன்று பாய்ந்தால் மணி ஒரு துள்ளுத் துள்ளத்தான் செய்கிறது. ஆனால் கயிறு இறுகியதும் நின்று திரும்பிப் பார்க்கிறது. கட்டுப் பிரித்த கை பழைய வலுவைப் பெற்ற பிறகு, ஒரு நாள் மாலை அம்மா தாமாகவே கயிற்றை வாங்கிக்கொண்டார். நான் பத்தடி பின்னால் நடந்தேன். அவர் கையில் கயிறு சுற்றப்படவில்லை. மடிப்பாக, தளர்வாக இருந்தது. அந்த வாய்க்காலை இருவரும் கடந்து போனார்கள்.

உழவர் பெருமக்களே! காவல் நாயை வைத்திருக்கும் நீங்கள் மூன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். கயிறு இறுகினால் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள். வீட்டில் உள்ள அனைவரும் அதையே செய்யுங்கள். இழுக்கிறது என்பதற்காக ஒரு நாயைத் தெருவில் விடுவதற்கு முன்பு, அதற்கு நடக்கக் கற்றுக்கொடுத்தோமா என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.